அட்டையின் மறுபக்கம்

முன்னாளில் சிகரெட் பெட்டிக்குள் சிறு பட அட்டை ஒன்றை வைத்து விற்பது வழக்கம். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டினால் 1940இல் பிரித்தானியாவில் அவ்வழக்கம் நின்றது. எமது பாட்டனார் புகை பிடித்தவரல்லர். எனினும் நண்பர்களிடம் கேட்டு அட்டைகளைச் சேர்த்தார். அவற்றுள் ஒன்றே இன்று எம்மிடம் உண்டு. 1938இல் ஜோன் பிளேயர் கம்பனியார் வெளியிட்ட 50 கிரிக்கட் வீரர் அட்டைகளுள் டொன் பிரட்மனுடையது அது.

இலண்டனில் வாழும் தமக்கையார் அதன் பிரதியைக் கேட்டார். பிளாஸ்ரிக் உறையோடு ஸ்கானரில் வைத்து, முகப்பை மாத்திரம் எடுத்தனுப்பினோம். மறுநாளே தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, பிரட்மன் பனிமூட்டத்துக்குள் நிற்கிறார். அப்பப்பாவின் எழுத்து எங்கே?"

நாணிப் போனோம். அட்டையின் பின்புறத்தில், "48 மார்ச், கொழும்பு ஓவல். நேரிற் கண்டேன்" எனப் பாட்டனார் பென்சிலால் எழுதியிருந்தார். இங்கிலாந்து செல்லும் வழியில் அவுஸ்திரேலிய அணி அன்று அங்கே ஆடிற்று. பிரட்மன் பெற்ற ஓட்டங்கள் 20. வீட்டிலிருந்த கடிதங்கள் யாவும் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அழிந்தன. பாட்டனாரின் கையெழுத்தாக எஞ்சியது இவ்வொரு வரியே.

மீண்டும் முயன்றோம். மெல்லிய ஸ்கானர்கள் கண்ணாடியைத் தொட்டிருப்பதையே தெளிவாகக் காணும்; உறையின் தடிப்பே படத்தை மங்கச் செய்துவிடும். ஆதலால் உறையைக் களைந்தோம். மென்துணியால் கண்ணாடியைத் துடைத்தோம், அட்டையைத் துடைத்தோமில்லை. சற்றே வளைந்திருந்த அதனைப் பாரமேற்றி அழுத்த மனம் உந்திற்று. பழந்தாள் முறியுமென அஞ்சி விடுத்தோம். மறுபக்க அச்சு ஊடுருவித் தெரியாதிருக்க மேலே கறுப்புத் தாளை வைத்தோம். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என அமைத்தோம். கறுப்பு வெள்ளை முறை மங்கிய பென்சிற் கோட்டை விழுங்கிவிடும் என்பதால், பின்புறத்தையும் வண்ணத்திலேயே எடுத்தோம்.

இம்முறை தமக்கையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கண்டேன் என்பதில் கை நடுங்கியிருக்கிறதடா" என்றார். அட்டையைப் பல்லாண்டு கையில் வைத்திருந்தும் அந்நடுக்கத்தை நாம் கண்டிலோம்.

மாணவ நண்பர்களே, பழைய அட்டையோ படமோ உங்கள் இல்லத்தில் இருப்பின், பிரதி எடுக்குமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.