வேலியில்லாத ராகம்

சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், காலையில் சங்கரன்கோவிலில் இறங்கிவிடலாம். இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போங்கள். பாதி சிவன், பாதி திருமாலாக ஒரே திருமேனியில் காட்சி தருகிறார் சங்கரநாராயணர். "அரன் பெரியவரா, அரி பெரியவரா?" என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் வாதாடினார்களாம். அதற்குக் கிடைத்த தீர்ப்புத்தான் இந்தக் கோலம் என்கிறது தலபுராணம். இந்த வழக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிறகு பஸ் ஏறி மேலநீலிதநல்லூருக்கு வாருங்கள். ஒரு கல்லூரியும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் உள்ள ஊர். 2019 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. இப்போது தென்காசி மாவட்டம். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. "இங்கே சங்கீத சபா எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் வானொலிதான் சபா!

பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பதை வாசகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிக்கெட் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே அரியக்குடியின் பாட்டைக் கேட்கலாம்.

அந்த வானொலியிலும் ஒரு வழக்கு வந்தது. 1952-இல் மத்திய மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தில் அபாரப் பற்றுடையவர். அந்த ஆண்டு ஜூலையில் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியது. சனிக்கிழமை இரவுகளில் நாடு முழுவதும் ஒரே கச்சேரியைக் கேட்டது. நல்ல காரியந்தான். ஆனால், சினிமாப் பாட்டை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. அகில இந்திய வானொலியிலிருந்து அது ஒதுக்கப்பட்டது.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? முள்ளைத் திருப்பினார்கள். கடலுக்கு அப்பால் இலங்கை வானொலி இருக்கவே இருந்தது! பாட்டும் விளம்பரமுமாக அது தென்பாண்டிச் சீமையின் வீடுகளில் குடியேறிவிட்டது. கடைசியில், 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்கி, சினிமாப் பாட்டுக்கு டில்லியே கதவைத் திறந்தது.

உண்மையில் இந்தச் சண்டையே வீண். அதற்குச் சாட்சி இந்தச் சீமையிலேயே இருக்கிறார். தாமிரபரணிக் கரையில் காருகுறிச்சியில் பிறந்து, கோவில்பட்டியில் குடியிருந்த நாதஸ்வர வித்துவான் அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் போட்டிபோட்டதே, அது ஆபேரி ராகம். இசையமைத்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு. 'நகுமோமு' கீர்த்தனையைச் சபாவில் கேட்டிராதவர்களும் அந்தப் பாட்டால் ஆபேரியை அறிந்துகொண்டார்கள். இது சினிமாவா, சங்கீதமா? சங்கரநாராயணரைப் பார்த்துவிட்டு வந்த நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்!

1963 டிசம்பரில் திருநெல்வேலிக்கென்று ஒரு வானொலி நிலையம் வந்தது. அடுத்த ஏப்ரலில் அருணாசலம் காலமானார். அதிக வயதில்லை. ஆனாலும் ஒலிப்பதிவில் அவர் மூச்சு இன்னும் இருக்கிறது.

இன்று அவரவர் கைப்பேசி, அவரவர் காது. பிடித்ததை மட்டும் கேட்கிறோம். அந்த நாள் வானொலியோ நாம் கேளாததையும் கொடுத்தது. சினிமாப் பாட்டுக்காகக் காத்திருந்த பெண், நடுவில் வந்த கச்சேரியையும் கேட்டாள். நாலு நாளில் ராகம் அவளுக்கு உறவாகிவிட்டது. யாரும் பாடம் நடத்தவில்லை.

ஆகாசவாணியை இப்போது கைப்பேசியிலும் கேட்கலாம். ஒரு நாள் சமையல் நேரத்தில் வைத்துப் பாருங்கள். எது வந்தாலும் மாற்றாதீர்கள். குழந்தைகளும் அங்கேதானே சுற்றிக்கொண்டிருப்பார்கள்? அவர்கள் காதிலும் விழட்டும்.