பெட்டி இழைக்கும் கைகள்

யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பெட்டியை வாங்குபவர் அதன் நிறத்தைப் பார்ப்பார், இழையின் நெருக்கத்தைப் பார்ப்பார், விலையைக் குறைத்துக் கேட்பார். அதை இழைத்த பெண்ணின் விரல்களைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

சார்வோலையை வார்ந்து, நனைத்துப் பதமாக்கி, நாள் முழுவதும் இழைக்கும் கை படும் பாடு கொஞ்சமல்ல. ஓலையின் விளிம்பு தோலை உராய்கிறது. கை நனைவதும் காய்வதும் மாறிமாறி நிகழ்கின்றன. விரல்நுனி வெடித்துவிட்டால் இழையை இறுக்க முடியாது. வேலை நின்றால் வருமானமும் நின்றுவிடும். ஆகவே, கைவெடிப்பை அழகு பற்றிய சங்கதி என்று ஒதுக்கிவிடலாகாது.

உடலின் பெரும்பாலான பகுதிகளில் தோலுக்கு எண்ணெய்ப்பசை தரும் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை இல்லை. அங்கே மேற்தோலில் உள்ள சிறிதளவு கொழுப்பே ஈரத்தைக் காக்கிறது. சவர்க்காரமும் வெந்நீரும் அதையும் அகற்றிவிடுகின்றன. சாயக்கறையைப் போக்க மண்ணெண்ணெயால் கையைத் துடைப்பது இன்னும் கேடு.

பகலில் எண்ணெய் பூசினால் ஓலையில் கறை படியும். எனவே இரவே உகந்த நேரம். இளஞ்சூட்டு நீரில் கையைக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரப்பசை காயுமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசவேண்டும். வாசலின் தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை. இருக்கும் நீரை வெளியேறாமல் தடுக்கிறது. காய்ந்த கையில் பூசினால் பயன் குறைவதற்குக் காரணம் இதுவே. பூசியபின் பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு உறங்கலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள், துளைக் கருவிகளில் படிந்த மெழுகை வெட்டுக்காயங்களிலும் சுட்ட புண்களிலும் பூசுவதை இரசாயனவியலாளர் ரொபேர்ட் செஸ்புரோ 1859 இல் கண்டார். அதைச் சுத்திகரித்து 1872 இல் வாசலினுக்குக் காப்புரிமை பெற்றார். உழைத்த கைகள் கண்டறிந்த மருந்து அது.

கனடாவிலும் நோர்வேயிலும் குளிர்காலத்தில், சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் தையலும் பின்னலும் செய்யும் நம்மவர்க்கும் இம்முறை பொருந்தும். ஆனால் கை சிவந்து அரித்தால் சாயமோ வேறு பொருளோ ஒவ்வாதிருக்கலாம். வெடிப்பில் சீழ் கண்டாலும், நீரிழிவு உள்ளவருக்குப் புண் ஆறாவிட்டாலும் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைக்கப்பட்டது. பனைசார் கைப்பணி அரசு அக்கறை கொள்ளும் தொழிலாகிப் பல தசாப்தங்கள் கடந்துவிட்டன. இழைப்பு வேலை பழக்குவோர் எவராயினும், கையைப் பேணும் முறைக்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். பெட்டிக்கு விலை வைக்கும்போது ஓலையையும் சாயத்தையும் கணக்கிடுகிறோம். ஒரு போத்தல் எண்ணெயின் விலையையும் அதோடு சேர்த்துக்கொள்வதே நியாயம். வாங்குபவரும் பேரம் பேசுமுன் அதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.