முல்லை எங்கே போனாள்?

ஒரு ஹாஸ்டல். பக்கத்துப் பக்கத்து அறைகளில் நான்கு மாணவர்கள், நான்கு கணினிகள், வராந்தாவில் ஒரு சின்ன ரௌட்டர். சர்வர் என்று தனியாக எதுவும் கிடையாது. யாரிடம் கோப்பு இருக்கிறதோ அவர் கணினியிலிருந்து மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பியர் டு பியர் நெட்வொர்க் என்பது இவ்வளவுதான்.

கணினிகளின் பெயர்கள் மல்லி, முல்லை, ரோஜா, தாமரை. 192.168.1.3 என்றெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அதனால் ஒவ்வொரு கணினியிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து, எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கையால் எழுதி வைத்தார்கள். ஒரு செமஸ்டர் முழுக்க ஒழுங்காக ஓடியது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுப்பதற்கு முந்தின இரவு கரண்ட் போய் வந்தது. கடைசி இரண்டு அத்தியாயங்கள் முல்லையில். முல்லையின் சொந்தக்காரன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டான், அறை பூட்டு. கரண்ட் வந்ததும் கணினி தானாக உயிர் பெறும்படி செய்து வைத்திருந்தான். ஆனால் ஃபோல்டர் திறக்கவில்லை!

பிங் செய்தால் பதில் வருகிறது. அப்படியென்றால் கேபிள் சரி. ஃபயர்வால்தான் குற்றவாளி என்று இரண்டு மணி நேரம் மண்டை காய்ந்தார்கள். கடைசியில் ஒருவன் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து பட்டியலைப் பார்த்தான். முல்லை இப்போது 192.168.1.7. பழைய 3, அன்று வந்திருந்த நண்பனின் செல்போனுக்குப் போயிருந்தது. ரௌட்டர் பழைய கணக்கை மறந்து, முதலில் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டது. இத்தனை நேரம் பிங்குக்கு பதில் சொன்னது அந்த செல்போன்!

ஆர்ப்பாநெட்டிலும் இதே தலைவலிதான். எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில். கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் அதைத் திருத்துவார்கள், மற்றவர்கள் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். நகல் பழசானால் பெயர் பொய் சொல்லும். 1983-ல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தது இதற்காகத்தான்.

அன்றிரவே ஹோஸ்ட்ஸ் வரிகளை அழித்தார்கள். ரௌட்டரில் ஒவ்வொரு கணினியின் மேக் முகவரிக்கும் ஒரு நிரந்தர எண் ஒதுக்கி, டிஎன்எஸ் முகவரியாக ரௌட்டரை மட்டும் வைத்தார்கள். தான் எண் கொடுத்த கணினிகளின் பெயரைக் கேட்டால் சொல்லும் ரகம் அந்த ரௌட்டர். எல்லா ரௌட்டரும் அப்படி இல்லை. "பாதுகாப்புக்கு" என்று இரண்டாவது இடத்தில் 8.8.8.8 போடக்கூடாது. அதற்கு முல்லையைத் தெரியாது. அது 'அப்படி யாரும் இல்லை' என்றால் கணினி நம்பிவிடும்.

காலை ஒன்பதுக்கு ரிப்போர்ட் மேசையில். பைண்டிங் பசை மட்டும் கொஞ்சம் ஈரம் :-)

பதில் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பதில் சொல்வது யார் என்றும் பார்க்க வேண்டும்.