படகுக் கருவிக்கு நான் எழுதிய அட்டை



தேர்வுத்தாள் திருத்தும் பணியால் பல வாரங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. இன்று எழுதப் போவது வகுப்பறையில் நடந்ததன்று. கிள்ளான் துறைமுகத்தில், ஒரு படகின் சுக்கான் அறையில் நடந்தது. ஆயினும் அதில் என் ஆசிரியத் தொழிலுக்குப் பங்குண்டு. தவறும் என்னுடையதே.

என் தங்கையின் கணவர் சிறிய படகு ஒன்று வைத்திருக்கின்றார். கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆள்களையும் உணவுப் பொருள்களையும் கொண்டு சேர்ப்பது அவருடைய தொழில். கப்பலுக்கு இரவு பகல் கிடையாது. அழைத்த நேரத்தில் போயாக வேண்டும். இரவு நேரத்தில் மலாக்கா நீரிணையின் கரையோரம் எளிதான இடமன்று. பெரிய கப்பல்களை ராடார் காட்டிவிடும். விளக்கில்லாத சம்பானையும், மீன் பிடிக்க ஊன்றிய கம்பங்களையும், ஆற்றிலிருந்து அடித்து வரப்பட்ட மரக்கட்டைகளையும் அது பெரும்பாலும் காட்டாது. எனவே சில ஆண்டுகளுக்கு முன் அவர் பழைய வெப்பப் படக்கருவி ஒன்றை வாங்கிச் சுக்கான் அறையின் கூரைமேல் பொருத்தினார்.

கருவியுடன் வந்த கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. "மச்சான், நீங்கதான் படிச்சவரு. இதைப் பார்த்து முக்கியமானதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க. பையன் பார்த்துச் செய்வான்" என்று என்னிடம் கொடுத்தார்.

அவர் 'பையன்' என்றது படகில் பணிபுரியும் இளைஞனை. அவன் என் பழைய மாணவன். மலாய் மொழியும் ஆங்கிலமும் வாசிக்கத் தடுமாறுவான், தமிழ் வாசிப்பான். நான்காம் ஆண்டில் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தவனை மாலை வகுப்பில் உட்கார வைத்து வாசிக்கப் பழக்கியவன் நான். "எழுதியிருப்பதை முழுதாகப் படி, படித்ததை அப்படியே செய்" என்று அவனிடம் எத்தனை முறை கூறியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் மேசைமேல் குவிந்திருந்த வாரம் அது. ஓர் இரவில், ஒரு மணி நேரத்தில், கையேட்டைப் புரட்டி ஐந்து வரிகள் எழுதி, அட்டையாக்கி, பிளாஸ்டிக் உறையிட்டுக் கொடுத்தேன். கையேட்டின் ஒரு பகுதி பனிக்கட்டி உறையாமல் காக்கும் வெப்பமூட்டியைப் பற்றிப் பேசியது. கிள்ளானில் பனிக்கட்டியா எனச் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டினேன். அப்படித் தாண்டிய வேகத்திலேயே தூய்மைப்படுத்தும் பகுதியையும் தாண்டிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கருவியின் முகப்பைக் கையேடு 'ஜன்னல்' என்று பொருள்படும் சொல்லால் குறித்திருந்தது. ஜன்னல் என்றால் கண்ணாடிதானே? ஐந்தாம் வரியில் நான் எழுதியது இதுதான்: 'கண்ணாடியை நாள்தோறும் நன்றாகத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கவும்.'

அட்டை சுக்கான் அறையில் ஒட்டப்பட்டது. தங்கை வீட்டு விருந்தில் என்னைப் பாராட்டினார்கள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பிறகு மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். குரல் சரியில்லை. முதல் நாள் இரவு கெத்தாம் தீவுப் பக்கமிருந்து திரும்பும்போது, விளக்கில்லாத சம்பான் ஒன்று படகின் முன் மிக அருகில் வந்துவிட்டதாம். திரையில் அது தெரியவில்லை. கண்ணால் கண்டு சுக்கானைத் திருப்பியதால் தப்பினார்கள். சம்பானில் தந்தையும் சிறுவன் ஒருவனும் இருந்திருக்கின்றனர். படகு எழுப்பிய அலையில் சம்பான் ஆடி, வலை கடலில் விழுந்ததே தவிர வேறு இழப்பில்லை.

திரை சில வாரங்களாகவே மங்கிக்கொண்டு வந்ததாம். பழைய கருவிதானே, வயதாகிவிட்டது என்று அவர் எண்ணியிருக்கின்றார். மறுநாள் வந்து பார்த்த பழுதுபார்ப்பவர், கருவியின் உள்ளே எக்குறையும் இல்லை, முகப்பின்மீது இருந்த பூச்சுதான் தேய்ந்து கீறல் விழுந்துவிட்டது என்றார். யார் தேய்த்தது என்று கேள்வி எழுந்தது. பையன்தான் தேய்த்தான். மாப்பிள்ளை அவனை வாயில் வந்தபடி ஏசிவிட்டு, முகப்பை மாற்றும் செலவை அவனுடைய சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தபோதே என் ஐந்தாம் வரி நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. "அப்படியா, அடடா" என்று மட்டும் சொன்னேன். கையேட்டின் நகல் என்னிடம் இருந்தது. அன்றிரவு அதை எடுத்து முதன்முறையாக முழுவதும் படித்தேன்.

நான் கண்ணாடி என எழுதியது கண்ணாடியே அன்று. ஜெர்மேனியம் என்னும் தனிமம். 1871இல் மெண்டெலீவ் தம் தனிம அட்டவணையில் இடம் விட்டு வைத்து, 1886இல் ஜெர்மனியின் வின்க்லர் கண்டுபிடித்த அதே தனிமம். நம் கண்ணுக்கு அது ஈயம் போல் சாம்பல் நிறத்தில் மின்னும். அதனூடே எதுவும் தெரியாது. ஆனால் வெப்பக்கதிருக்கு அது திறந்த வாயில். கண்ணாடியோ நேர்மாறு. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிரைத்தான் இத்தகைய கருவி பார்க்கின்றது. சாதாரணக் கண்ணாடி அதற்குச் சுவர் போன்றது. சுக்கான் அறைக்குள் கருவியை வைத்துக் கண்ணாடி வழியே கடலைப் பார்க்க முடியாததும், மழையிலும் உப்புக் காற்றிலும் அதைக் கூரைமேல் வைக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஜெர்மேனியத்திற்கு ஒரு குறை உண்டு. பூச்சில்லாத நிலையில் அதன் ஒவ்வொரு பக்கமும், தன்மேல் படும் வெப்பக்கதிரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த இழப்பைத் தடுக்கவே மிக மெல்லிய பூச்சு இடுகின்றனர். கடல்நீர் தெறித்துக் காய்ந்தால் முகப்பில் உப்புத் தூள் படியும். உப்பு என்பது படிகம்; ஓரம் கூரானது. காய்ந்த துணியால் அதைத் தேய்ப்பது மணல்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். பையன் நாள்தோறும், சில நாள்களில் இருவேளையும், பளபளப்பு வர வேண்டும் என்று அழுத்தித் தேய்த்திருக்கின்றான்.

நம் நாட்டுக் கடலில் இந்த இழப்பு இன்னும் கொடியது. குளிர்நாட்டுக் கடலில் மனிதனுக்கும் நீருக்கும் இடையே வெப்ப வேறுபாடு மிகுதி. படம் பளிச்சென்று இருக்கும். இங்கே கடல்நீர் 29, 30 பாகை செல்சியசில் நிற்கின்றது. மனிதத் தோலின் வெப்பம் அதைவிடச் சில பாகைகளே கூடுதல். காற்றில் உள்ள ஈரமும் வழியிலேயே கதிரை விழுங்குகின்றது. அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டுதான் கருவி படம் வரைகின்றது. அதிலும் ஒரு பகுதி முகப்பிலேயே தொலைந்தால், நனைந்த மரச் சம்பான் கடலோடு கடலாகக் கரைந்துவிடுகின்றது.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அறிவியல் பாடம் கற்பித்த எங்கள் விரிவுரையாளர், மாணவர் முன் செய்து காட்டும் எந்தச் சோதனையையும் முதல் நாளே நீங்கள் தனியே செய்து பார்த்திருக்க வேண்டும் என்பார். இருபது ஆண்டுகளாக வகுப்பில் அதைப் பின்பற்றுகின்றேன். படகுக்கு அட்டை எழுதும்போது மட்டும் கருவியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

நான்கு நாள்கள் பேசாதிருந்தேன். பள்ளியில் மாணவன் ஒருவன் வீட்டுப்பாடத்தைத் தவறாகச் செய்து வந்ததற்குக் காரணம் கேட்டபோது, "சார், போர்டுல அப்படித்தான் இருந்துச்சு" என்றான். திரும்பிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அன்று மாலையே துறைமுகத்திற்குப் போனேன்.

மாப்பிள்ளையிடம் அட்டையைக் காட்டி, "பிழை என்னுடையது. அவன் நான் எழுதியதைத்தான் செய்திருக்கின்றான். முகப்பிற்கான பணத்தை நான் கொடுக்கிறேன்" என்றேன். அவர் சற்று நேரம் அட்டையையே பார்த்துவிட்டு, "நானும் ஒரு தடவை கையேட்டைப் பார்த்திருக்கணும், மச்சான்" என்றார். பாதிப் பணத்திற்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். எனினும் என் பங்கு ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கியது. மனைவிக்கு இன்னும் கோபம் உண்டு.

பையன் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "தேய்க்கும்போது கரகரன்னு சத்தம் கேட்கும், சார். தப்போன்னு நெனைச்சேன். ஆனா சார் எழுதினதாச்சேன்னு அப்படியே செஞ்சேன்" என்றான். மாப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கியபோதும் அவன் என் அட்டையைக் காட்டித் தப்பிக்க முயலவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை; கேட்கும் துணிவு வரவில்லை.

புதிய முகப்பு பொருத்திய பிறகு மூன்று இரவுகள் அவர்களுடன் கடலுக்குச் சென்றேன். கருவியை முடுக்கினால் படம் வரச் சிறிது நேரம் ஆகும். பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்ற ஒலியுடன் படம் ஒரு கணம் உறையும். முதல் முறை பழுது என்று பதறிவிட்டேன். உள்ளே ஒரு சிறு மூடி வந்து மறைத்து, ஆயிரக்கணக்கான உணர்விகளையும் ஒரே நிலைக்குச் சரிசெய்துகொள்கின்றதாம். வெப்பமான பொருளை வெள்ளையாகவும் காட்டலாம், கறுப்பாகவும் காட்டலாம். திரை வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வேண்டும். இல்லையேல் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். சூரியனை நேராகப் பார்க்கும்படி கருவியைத் திருப்பலாகாது. பெருமழையில் படம் சாம்பல் திரையாகிவிடும். அந்திப் பொழுதிலும் விடியலிலும் பொருள்களும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே வெப்பத்திற்கு வரும் நேரம் ஒன்றுண்டு. அப்போது கண்ணையே நம்ப வேண்டும். எப்படியும் கருவி கண்ணுக்கு மாற்றாகாது. 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 5ஆம் விதி, கண்ணாலும் காதாலும் கிடைக்கும் பிற வழிகளாலும் எப்போதும் கண்காணிக்கச் சொல்கின்றது.

மூன்றாம் இரவில் கம்பங்கள்மீது உறங்கும் கொக்குகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. சற்றுத் தொலைவில் ஒரு சம்பான். அதன் பின்புறத்தில் இயந்திரம் விளக்கைப் போல் ஒளிர்ந்தது. முன்பக்கம் இரு உருவங்கள், ஒன்று சிறியது. அதே தந்தையும் மகனுமா என்பது தெரியாது. மாப்பிள்ளை எதுவும் பேசாமல் வேகத்தைக் குறைத்து விலகிச் சென்றார்.

புதிய அட்டையைப் படகிலேயே அமர்ந்து எழுதினேன். ஒவ்வொரு வேலையையும் பையன் செய்து காட்ட, பார்த்து எழுதினேன். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கரைத்து விட வேண்டும். அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாய் ஆகாது. பிறகு தானாகக் காய விட வேண்டும். அப்படியும் அழுக்கு நின்றால் மட்டும் சுத்தமான ஈரப் பருத்தித் துணியால் அழுத்தாமல் ஒற்ற வேண்டும். தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. வேலை முடிந்ததும் முகப்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும்படி கருவியை மூடி வைக்க வேண்டும். கம்பி இணைப்புகளில் பச்சை படிந்திருக்கின்றதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியின் கீழும் 'ஏன்' என்பதையும் சிறிய எழுத்தில் சேர்த்தேன்.

சென்ற மாதம் படகுக்குப் போயிருந்தேன். அட்டையின் அடியில் மார்க்கர் பேனாவால் புதிதாக ஒரு வரி இருந்தது. பையனின் கையெழுத்து. கையேட்டில் எங்கும் இல்லாத செய்தி அது: 'பறவை எச்சம் இருந்தாள் ஈரத் துணி போட்டு ஊர விடு. சுரண்டாதே.' என் கை வழக்கம்போல் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டது. எடுக்கவில்லை. மேலே கூரையில் அவன் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது.