சம்பளமா, சேவையா?

சிட்னி மாநகரின் மேற்குப் புறத்தில், டூங்காபி என்றும் வென்ட்வொர்த்வில் என்றும் பெயர் கொண்ட ஊர்களில், தோசைமாவும் முருங்கைக்காயும் தேடி அலைய வேண்டாதபடி நம்மவர்கள் செறிந்து வாழ்கிறார்கள். வார நாட்களில் ஆங்கிலம் ஆளும் அரசுப் பள்ளிக்கூடங்களின் வகுப்பறைகள் இப்பகுதியில் சனிக்கிழமைகளில் தமிழுக்கு இரவல் கிடைக்கின்றன. விஜயதசமி கழிந்து நான்காம் பருவம் தொடங்கிய இவ்வாரத்தில், எங்கள் பள்ளிக்கு ஒரு புதிய உபாத்தியாயினி வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, மகளோடு நிரந்தரமாக வாழ இந்நாட்டுக்கு வந்தவர். குழந்தைகளின் முன் நிற்பதற்குச் சர்க்காரிடம் ஓர் எண் பெற வேண்டும் என்று சொல்லி, எங்கள் பொறுப்பாளர் கணினியைத் திறந்து வைத்து அவருக்காக விண்ணப்பத்தை நிரப்பினார்.

“ரீச்சர், சம்பளமோ சேவையோ எண்டு கேக்குது. சேவை எண்டு போடுறன்.”

“போடு, தம்பி. ஆனா ஊரில நான் சம்பளம் எடுத்துத்தான் சேவை செய்தனான்.”

அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ரசிக்கவில்லை.

இந்த எண்ணைப் பற்றிச் சிறிது விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், குழந்தைகளோடு பணிபுரிய விரும்பும் 18 வயது நிரம்பியவர்கள், சட்டம் விலக்களித்துள்ள சிலர் நீங்கலாக, சங்கீதம் கற்பிப்பவரானாலும் பந்தாட்டம் பழக்குபவரானாலும் அகரம் எழுதுவிப்பவரானாலும், முதலில் இணையத்தில் விண்ணப்பித்துத் தம் அடையாளத்தை ருசுப்படுத்த வேண்டும். (தகப்பனார் பெயர் முன்னும் தம் பெயர் பின்னுமாக வாழ்ந்துவிட்டவர்களை, கடவுச்சீட்டு ஒரு விதமாகவும் வங்கி அட்டை வேறு விதமாகவும் அழைப்பதால், ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் ஒரு முழுப்பகல் போய்விடும்.) அதன்பின் நாடு முழுவதிலுமுள்ள குற்றப் பதிவேடுகளைச் சர்க்கார் புரட்டிப் பார்த்து, குறை காணாவிடில் அனுமதி வழங்கும். அந்த அனுமதி 5 ஆண்டுகளுக்கு. அந்த 5 ஆண்டுகளும் கண்காணிப்பு ஓயாது. எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டினால் பள்ளிக்கூடம் அதை வாங்கி வைத்துக்கொள்வது போதாது. அரசாங்கத்தின் பதிவேட்டில் தானே புகுந்து, அவர்தாம் இவர் என்று சரிபார்த்துக் குறித்து வைக்க வேண்டும். சம்பளம் பெறுகிறவர் இதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். சேவை செய்பவருக்கு இலவசம். சேவைக்கென்று பெற்ற எண்ணை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கலாகாது. பணம் கட்டி அதனை மாற்றிக்கொண்ட பிறகே வாங்கலாம்.

நம் ஊரில் ஒரு தமிழாசிரியரிடம் போய், “நீர் குற்றவாளி அல்லர் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வாரும்” என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் யூகித்துக்கொள்ளலாம். தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் காப்பகங்களிலும் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை 2013 முதல் 2017 வரை ஓர் அரச விசாரணை ஆணையம் இந்நாட்டில் கிளறி வெளியிட்டதை அறிந்தவன் ஆதலால், சோதனையை நான் குறை கூறேன். என் மனத்தை உறுத்துவது அந்தக் கட்டம்தான்: சம்பளமா, சேவையா என்ற கட்டம். அதில் நம்மவர்கள் ஒரு கணமும் யோசியாமல் சேவை என்று குறிக்கிறார்கள்.

சர்க்காரைக் குறை சொல்லவோ எனக்கு வாய் வரவில்லை. தாய்மொழிப் பள்ளிகள் விஷயத்தில் இந்நாடு செய்த பாவமும் உண்டு, பிராயச்சித்தமும் உண்டு. 1838-இல் பிரஷ்யாவிலிருந்து மத சுதந்திரம் நாடித் தென் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி வந்த லுத்தரன் கிறிஸ்தவர்கள், மறு ஆண்டிலேயே ஜெர்மன் பள்ளிக்கூடம் தொடங்கியவர்கள். அவர்களுடைய பள்ளிகள் பல்கிப் பெருகி மூன்று தலைமுறைகளை வளர்த்த பின், முதல் உலக யுத்தம் மூண்டது. 1917-இல் 49 லுத்தரன் பள்ளிகளை அந்த மாகாண அரசாங்கம் ஒரே வீச்சில் மூடிற்று. ஊர்ப் பெயர்களையும் விட்டுவைக்கவில்லை: ஹான்டார்ஃப் என்னும் கிராமம் ஆம்பிள்சைட் ஆயிற்று, பழைய பெயர் திரும்ப 1935 வரை காத்திருக்க நேர்ந்தது. குழந்தைகள் ஒரு மொழியில் அரிச்சுவடி படிப்பதற்கு ஒரு ராஜ்யம் எவ்வளவு அஞ்ச முடியும் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

அதே தேசத்தில்தான், வந்தேறிகளின் நலனை ஆராய்ந்த வழக்கறிஞர் ஃபிராங்க் கால்பலியின் அறிக்கை 1978-இல் வெளிவந்து, 1981 முதல் மத்திய அரசாங்கம் சமூகங்கள் தாமே நடத்தும் மொழிப் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. இன்று நியூ சவுத் வேல்ஸ் அரசு, மாணவர் தலையை எண்ணி ஆண்டுதோறும் மானியம் தருகிறது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்களுக்கென்றே பயிற்சி நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ் ஒரு பாடமாக வீற்றிருக்கிறது. பதிலுக்கு வருகைப் பதிவேடும் கணக்கும் கேட்கிறார்கள், கேட்கட்டும். 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 95 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். இவ்வளவு பேர் இருந்தும், தமிழ் கற்பிப்பவருக்கு உரிய சன்மானத்தை அயலாருடைய மானியத்தில் தேடுவது என்ன நியாயம்?

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைக் காட்டிலும் நாணயமாக இருந்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பெரும்பாலும் கவர்ன்மெண்டுப் பணத்தை நம்பியிருந்ததில்லை. ஊரார் நெல் அளந்தார்கள், காய்கறி கொடுத்தார்கள், புதுச் சுவடி தொடங்கினால் தட்சிணை வைத்தார்கள். மகாநவமி வந்துவிட்டால் பிள்ளைகள் புத்தாடை உடுத்து, கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வாத்தியாரோடு வீடு வீடாகச் செல்வார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவருக்கு வெகுமதி காத்திருக்கும். வாத்தியார் கோதண்டம் என்னும் தண்டனை கொடுத்தார், பிரம்பால் விளாசினார் என்பதெல்லாம் மெய்தான். ஆனால் அவர் கற்பித்ததற்கு விலையுண்டு என்பதை ஊரில் எந்தக் குடியானவனும் மறுத்ததில்லை. எங்கள் கும்பகோணத்துப் பக்கத்துக் கிழவர்கள், தங்கள் தகப்பனார் இத்தனை மரக்கால் கொடுத்தார் என்பதை ஒரு பெருமையாகவே சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இங்கே என்ன நடக்கிறது? 1983 இனக் கலவரத்துக்குப் பின், வீடும் வாசலும் இழந்து வந்த ஈழத்துத் தமிழர்கள், கைப்பணத்தைப் போட்டு, பாடப்புத்தகங்களைத் தாமே எழுதி, இந்நகரத்துத் தமிழ்க் கல்வியைத் தழைக்கச் செய்தார்கள். அவர்கள் நட்ட மரத்தின் நிழலிலேதான் பின்னால் விமானத்தில் வந்திறங்கிய நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். அன்று சேவை என்பது மெய்யாகவே தியாகம். இன்றோ, தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கான அரசாங்கப் பள்ளிகளில் இடம்பிடிக்கும் நுழைவுத் தேர்வுக்காகக் கணித வகுப்புக்கும், பிறகு நீச்சலுக்கும், வயலினுக்கும், பரதத்துக்கும் மணிக்கு இவ்வளவு என்று மறுபேச்சின்றிக் கொடுக்கும் பெற்றோர், தமிழ்ப் பள்ளிக் கட்டணம் சில டாலர் உயர்ந்தால் நிர்வாகக் குழுவில் எழுந்து நின்று தர்க்கம் செய்கிறார்கள். ஆண்டு விழாவுக்கு அரங்கம், ஒலிபெருக்கி, சாப்பாடு, சென்னையிலிருந்து வரும் பேச்சாளருக்கு விமானச் சீட்டு எல்லாவற்றுக்கும் பணம் இருக்கிறது. ஆசிரியைக்கு ஒரு பொன்னாடை.

இதன் விளைவை நான் கண்கூடாகப் பார்க்கிறேன். தமிழ்ப் பள்ளியில் கற்பிப்பவர் பெரும்பாலும் அங்கே படிக்கும் ஒரு குழந்தையின் தாய். அந்தக் குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குப் போய்ச் சனிக்கிழமைகளில் வேறு அலுவல் வந்ததும் தாயும் நின்றுவிடுகிறாள். பல சனிக்கிழமைகளின் பிரயாசையால் அவள் சேர்த்த அனுபவம் முழுவதும் அவளோடு போய்விடுகிறது; அடுத்த வருஷம் வேறொரு தாய் முதலிலிருந்து தடுமாறுகிறாள். சம்பளம் இருந்தால் எல்லோரும் நிலைத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்குப் போ என்றோ, பாடக்குறிப்பு எழுது என்றோ, தவறாமல் வா என்றோ ஒருவரிடம் கேட்கும் உரிமை, அவருக்கு ஏதேனும் கொடுத்தவனுக்கே உண்டு.

“தாய்மொழிக்குக் கூலியா?” என்று ஒரு நண்பர் என்னைக் கடிந்துகொண்டார். அவர் தம் குழந்தைக்குத் தேவாரம் கற்பிக்கும் ஓதுவாருக்கு மாதந்தோறும் பணம் கொடுக்கிறவர். தெய்வத்துக்குக் கூலி பொருந்துமானால் தமிழுக்கும் பொருந்தும்.

அந்த யாழ்ப்பாணத்து அம்மாளுக்குச் சேவை எண் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை முதல் மூன்றாம் வகுப்பை ஏற்கிறார். கட்டணத்தைப் பள்ளியே செலுத்தி அதைச் சம்பள எண்ணாக மாற்ற வேண்டும் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். ஊரிலிருந்து இதைப் படிக்கும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: உங்கள் பிள்ளைகள் எந்தத் தேசத்தில் இருந்தாலும், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, பேரனுக்குத் தமிழ் வருகிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், அவனுடைய தமிழாசிரியருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்றும் தயவுசெய்து கேளுங்கள்.