வாங்கும் விலையும் விற்கும் விலையும்

மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். காணி வாங்குவோர் உறுதியைப் பலமுறை படிப்பர். மோட்டார் வண்டி வாங்கும்போது மட்டும் நம்மவரிற் பலர் மினுக்கத்திலே மயங்கிவிடுகின்றனர். என்ன விலை என்று கேட்கும் நாம், விற்கும்போது என்ன கிடைக்கும் என்று கேட்பதில்லை.

அண்மையில் எங்கள் வீட்டிலும் புதுக் கார் வாங்கும் பேச்சு எழுந்தது. மகளின் மேற்படிப்புக்கென ஒதுக்கிய பணத்திலும் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தமையால், கடதாசியும் பேனாவும் எடுத்து இருவரும் கணக்குப் பார்த்தோம்.

ஒரு வண்டி 80 இலட்சம், மற்றது 70 இலட்சம் என வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டின் பின் முதலாவது 56 இலட்சத்துக்கும், இரண்டாவது 35 இலட்சத்துக்கும் விலைபோனால், முதலாவதில் நாம் இழப்பது 24 இலட்சம். இரண்டாவதில் 35 இலட்சம். கூடுதலாகக் கொடுத்த 10 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 8 வீதப்படி 4 இலட்சம் வட்டி போயிற்று எனக் கழித்தாலும், 7 இலட்சம் மிஞ்சுகின்றது. மலிவாகத் தோன்றியதே செலவு மிகுந்தது!

விலை குன்றாத வண்டி எது? எந்த ஊரிலும் உதிரிப்பாகம் கிடைப்பதும், எந்தக் கராஜிலும் திருத்தத் தெரிந்தவர் இருப்பதுமாகிய வண்டியே. டொயோட்டா, சுசுகி வண்டிகளை நம் நாட்டவர் விரும்புவதற்கு இதுவே முக்கிய காரணம். 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்திலே பழைய ஒஸ்டின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயிலும் ஓடின. எளிதில் திருத்தக்கூடியவையாய் இருந்தமையே அவற்றை வாழவைத்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய வண்டிகள் வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த இடைக்கால விலையை என்றைக்குமுரிய விதியெனக் கொள்ளலாகாது. கார் பொன்னன்று; ஓடத் தேயும் பொருள்.

புதிய வண்டி முதலிரண்டு ஆண்டுகளிலேயே மிகுதியாக மதிப்பை இழப்பது வழக்கம். எனவே, ஓரிரு ஆண்டு ஓடிய அதேவகை வண்டி மிகக் குறைவாகக் கிடைப்பின் அதுவே இலாபம். இரண்டுக்கும் விலையிலே பெரும் வேறுபாடு இல்லையாயின், புதியதை வாங்கிப் பலகாலம் பேணுவதே அறிவுடைமை.

நாங்கள் விலை மதிப்புக் குன்றாத சிறிய வண்டியொன்றையே தெரிந்தோம். பராமரிப்புப் பற்றுச்சீட்டுகளை வாங்கிய நாள்முதல் ஒரு கோவையிலே சேர்த்து வருகின்றோம். விற்கும் நாளில் அவையே வண்டிக்குச் சாட்சி சொல்லும். மகளின் படிப்புப் பணத்திலும் பெரும்பகுதி வங்கியிலேயே இருக்கின்றது.