ஊட்டியில் நீலம்... கோவையில் ரோஸ்!

போன வருஷம் ஊட்டி நர்சரி ஒன்றில் ஹைட்ரேஞ்சியா செடி வாங்கினேன். பந்து பந்தாகப் பூக்குமே, அதுதான். அந்த நீலத்தில் மனைவி சொக்கிப்போனதால் பேரம்கூடப் பேசவில்லை.

கோவைக்கு வந்த செடி இந்த வருஷம் பூத்தது. ரோஸ் கலரில்!

''உங்களை ஏமாத்தறது சுலபம்னு ஊட்டி வரைக்கும் தெரிஞ்சுபோச்சா?'' என்றாள் மனைவி. பக்கத்தில் மாமனார் வேறு! ரோஷம் வராதா? நர்சரிக்காரரைத் திருடன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, ஒரு பூவைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுக்கு ஒன்றாகச் சண்டை வசனம் தயார்.

அவர் பூவைப் பார்த்தார். பேசாமல் கொல்லைப்புறம் அழைத்துப்போனார். அங்கே ஒரே புதர். வெளிப்பக்கம் பளீர் நீலம். சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டிய பக்கம்... ரோஸ்!

''மழை பெஞ்சு பெஞ்சு இங்க மண்ணுல சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு போயிருதுங்க. புளிப்பு மண்ணு. தேயிலைக்கும் அதாங்க புடிக்கும். செவுத்துச் சுண்ணாம்பு எறங்குன பக்கம் மட்டும் ரோஸு. நீங்க என்ன தண்ணி ஊத்துறீங்க?''

''போர் தண்ணி.''

''பக்கெட்டுல வெள்ளையாப் படியுமா?''

''படியும்.''

''செடி பொய் சொல்லலீங்க. உங்க ஊர்த் தண்ணியச் சொல்லுது!''

வசனமெல்லாம் வீண்.

விஷயம் இதுதான். இரண்டு கலருக்கும் நிறமி ஒன்றே... ஆந்தோசயனின். மண்ணின் பி.ஹெச். சுமார் 5.5-க்குக் கீழே இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரையும். வேர் வழியாகப் பூவுக்கு ஏறி, நிறமியோடு ஒட்டிக்கொள்ளும். நீலம்! 6.5-க்கு மேலே போனால் அலுமினியம் கரையாது. ரோஸ்! நடுவில் ஊதா. வெள்ளை ரகம் மட்டும் எந்த மண்ணுக்கும் மசியாது. அமிலத்தில் லிட்மஸ் சிவக்கும் என்று பள்ளியில் படித்தோமே, இந்தப் பூ நேர் எதிர்க்கட்சி. நாம் இதழ் என்று நினைப்பதும் இதழே இல்லை, புல்லியாம்!

''கொஞ்சமா படிகாரம் கரைச்சு ஊத்துங்க. அதுல அலுமினியம் இருக்கு. ஜாஸ்தியானா வேர் கருகிரும். பூத்த பூ மாறாது, அடுத்த பூவுக்குப் பாருங்க'' என்றார். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினேன்.

கோவையில் வழக்கமான சலூனுக்குப் போய் ''படிகாரம் எங்கே வாங்கறீங்க?'' என்றேன்.

''வீட்லயே ஷேவிங்கா சார்?'' - அவர் முகம் வாடியது.

''செடிக்குப்பா!''

அடுத்த பூ நீலமாகுமா தெரியாது. அதற்குள் தெருவில் வீடு வீடாகப் போய், 'அவர் திருடன் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை மட்டும் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்!